ஒரு தோள்வலிக்கு நான் வாங்கிக் கொடுத்த நஷ்டஈடு

பெரிய விபத்துகளைப் பற்றி உங்களுக்கு நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. லாரி ஏறிய கால் தானே பேசும். எக்ஸ்ரே பேசும், ஆபரேஷன் குறிப்பு பேசும், நீங்கள் நின்று பக்கத்தைப் புரட்டினால் போதும். எனக்குப் பயம் சின்ன விபத்துகளிடம்தான். கார் மெதுவாகப் பின்னால் வருகிறது. ஒருவர் விழுகிறார், எழுகிறார், சட்டையைத் தட்டிக்கொள்கிறார். எலும்பு முறியவில்லை, தையல் இல்லை. வலி மட்டும் இருக்கிறது. அந்த வலிக்கு அவரைத் தவிர வேறு சாட்சி கிடையாது. சாட்சி இல்லாத இடத்தில்தான் நம் தொழிலில் கை நீளும். என் கை நீண்டது.

மீஞ்சூர் ஸ்டேஷன் பக்கத்து மாடி அறையை என் ஜூனியர்களான உங்களிடம் விட்டுவிட்டு வந்து இரண்டு வருடம் ஆகிறது. நாற்பத்தொன்பது வயதில் ஏன் வக்கீல் கவுனைக் கழற்றினீர்கள் என்று கேட்பவர்களிடம் முதுகுவலி என்பேன். அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. போன மாதம் உங்களில் ஒருவர் போன் செய்து, "மேடம், சின்ன கேஸ், கழுத்துச் சுளுக்கு, டாக்டர் ஊன சதவீதம் தரமாட்டேங்கிறார், வேற என்ன பேப்பர் போடலாம்?" என்று கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ராத்திரியெல்லாம் அந்தக் கேள்வி என் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அதற்கான பதிலைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்.

என் சீனியர், இப்போது இல்லை, ஒரு வாக்கியத்தை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். "வலிய வாயால சொன்னா கேக்க ஆள் கிடையாது. காகிதத்துல காட்டு." அவர் சொன்னது தப்பில்லை. இருபது வருடம் அதை வைத்துத்தான் சோறு சாப்பிட்டேன். காகிதத்தை நீதிபதி தவிர வேறு யாரெல்லாம் படிப்பார்கள் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏகாம்பரம் ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தார். அழைத்து வரப்பட்டார் என்பதே சரி. முன்னால் அவர் மனைவி தேசம்மா, கையில் பிளாஸ்டிக் பையில் ஆஸ்பத்திரிக் காகிதங்கள். பின்னால் அவர், செருப்பைக் கீழ்ப்படியிலேயே கழற்றிவிட்டு. பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு குப்பம். பெயர் வேண்டாம். அவர் பெயரும் ஏகாம்பரம் அல்ல.

நடந்தது இவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூநாரை பார்க்கவும் நண்டு சாப்பிடவும் பழவேற்காட்டில் சென்னைக் கார்கள் வந்து நெருக்கும் நாள். மீன் மார்க்கெட் பக்கம் ஒரு கார் ரிவர்ஸ் எடுத்தது. ஐஸ் பெட்டியோடு மொபெட்டில் நின்றிருந்த இவரை இடித்தது. மொபெட் சாய, வலது தோள் பெட்டியின் விளிம்பில் போய் மோதியது. காரில் இருந்தவர்கள் நல்லவர்கள். இறங்கி வந்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், ஆஸ்பத்திரிக்கு அவர்களே கூட்டிப்போனார்கள்.

"அந்தப் பொண்ணு அழுதுடுச்சி மேடம். நான்தான் ஒண்ணுமில்லம்மா போனு சொன்னேன்," என்றார் ஏகாம்பரம்.

"அதான் தப்பு," என்றாள் தேசம்மா. "ஒண்ணுமில்லனு சொன்ன வாய வச்சிக்கினு இப்ப வக்கீலாண்ட வந்துக்கீறோம்."

வழக்கு அந்தப் பெண் மேல் இல்லை, காருக்கு இன்சூரன்ஸ் கொடுத்த கம்பெனி மேல் என்று விளக்கிய பிறகுதான் அவர் நாற்காலியில் முழுதாக உட்கார்ந்தார்.

"எங்க வலிக்குது?" என்று கேட்டேன்.

"தோள்ல."

"எப்படி வலிக்குது? குத்தற மாதிரியா, இழுக்கற மாதிரியா?"

"வலிக்கிற மாரிதான் மேடம்."

"கழி ஊனச் சொன்னா வலிக்கும். கறிசோறுன்னா வலிக்காது. அப்பிடி வலி," என்றாள் தேசம்மா.

அவர் சிரித்தார். சிரிக்கும்போதே இடது கை தானாகப் போய் வலது தோளைப் பிடித்துக்கொண்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அன்றைக்கு அந்த அறையில் இருந்த ஒரே சாட்சியம் அதுதான். அதை எந்த மனுவில் எழுதுவீர்கள்?

"டாக்டர் என்ன சொன்னார்?"

"எலும்பு நல்லாக்குதுன்னாரு. சந்தோசம். ஆனா எலும்பா மேடம் வலிக்குது?"

அவர் தொழிலைப் பற்றியும் கேட்டேன், மனுவுக்குத் தேவையான அளவுக்கு. ஏரிச் சேற்றில் வரிசையாகக் கழிகளை ஊன்றி வலையைச் சுற்றிக் கட்டுவார்கள். தண்ணீர் இறங்கும்போது இறால் அதில் வந்து தங்கும். எல்லா இடத்திலும் இறால் வராது என்பதால் ஏரியில் நல்ல இடங்களைப் பிரித்து, எந்த நாளில் யார் எங்கே கட்டலாம் என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். தோள் வலியால் ஏகாம்பரம் ஒரு முறையைத் தவறவிட்டிருந்தார். அதனால்தான் தேசம்மா அவரை இழுத்து வந்திருக்கிறாள். பாடு பற்றி அதற்குமேல் நான் கேட்கவில்லை. நான் பிறந்த ஊர் ஏரியிலிருந்து எட்டு கிலோமீட்டர். நெல் விளைகிற ஊர். அந்தத் தண்ணீர் உப்பு, நம் வயலுக்கு ஆகாது என்பதைத் தாண்டி அந்த ஏரியைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே இருந்ததில்லை. பக்கத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு திமிர் உண்டு, தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று.

நம் மனுக்களில் 'வலியும் வேதனையும்' என்று ஒரு தலைப்பு வரும், எதிரே ஒரு தொகை. அந்தத் தலைப்பை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று தெரியாது. எழுதி எழுதி அந்த வார்த்தைகள் என் கைக்கு மரத்துப் போயிருந்தன. யாருடைய வலி, என்ன வேதனை என்று பேனா நிற்கவே நிற்காது. ஏகாம்பரத்துக்கும் அப்படியே எழுதினேன்.

நாலு மாதம் போயிற்று. மக்கள் நீதிமன்றத்தில் சமரசத்துக்கு அந்த வழக்கு சனிக்கிழமைக்கு வந்தது. வியாழக்கிழமை கோர்ட் வராந்தாவில் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் என்னைப் பிடித்தார். சண்டைக்காரர் இல்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பேசுவார்.

"என்ன மேடம், தோள்பட்டை சுளுக்குக்கு இவ்ளோ கேட்டிருக்கீங்க. எக்ஸ்ரே சுத்தம். ஊன சர்டிபிகேட் இல்ல. 'சில மாதங்களாகத் தொழில் செய்ய இயலவில்லை'னு எழுதியிருக்கீங்க. சில மாசம்னா சில ஆயிரம். நான் கம்பெனிக்கு என்ன சொல்றது?"

"வேற பேப்பர் வருது," என்றேன். அப்போது அப்படி எந்தக் காகிதமும் இல்லை.

அறைக்கு வந்து யோசித்தேன். டாக்டர் தரமாட்டார். வேறு யார் சொன்னால் கோர்ட் நம்பும்? ஊர் சொன்னால் நம்பும். ஊர்த் தலைவர் கையெழுத்து, ஊர் முத்திரை. இந்த மனிதன் எங்கள் ஊரான், எங்கள் கண்முன்னால் வேலை செய்தவன், இப்போது முடியவில்லை என்று ஊரே சொல்வது. நல்ல யோசனைதான். வரைவை நானே எழுதினேன். முதலில் 'சில மாதங்களாக' என்றுதான் எழுதினேன். வராந்தாவில் கேட்ட குரல் காதில் இருந்தது. அதை அடித்துவிட்டு 'இனி எக்காலத்திலும் வலைத்தொழில் செய்ய இயலாத நிலையில்' என்று மாற்றினேன். எழுத ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஏகாம்பரத்தை வரச் சொன்னேன். வந்தவர் சந்தோஷமாகச் சொன்னார்: "இப்ப பரவால்ல மேடம். கை தலைக்கு மேல போவுது. அடுத்த பாடு மொறைக்கு எறங்கிடுவேன்."

"கோர்ட்ல அவ்ளோ தூக்காதீங்க," என்றேன். எழுந்து வந்து அவர் முழங்கையைப் பிடித்து, தோள் உயரத்தில் நிறுத்திக் காட்டினேன். "இதோட நிறுத்திக்கணும். இதுக்கு மேல வலிக்குதுன்னு சொல்லணும். மாத்திச் சொன்னீங்கன்னா பொய்சாட்சி, ஜெயிலுக்கே போகலாம்."

பொய் சொல்லக் கற்றுக்கொடுத்துவிட்டு, பொய் சொன்னால் ஜெயில் என்றும் பயமுறுத்தியிருக்கிறேன். ஒரே மூச்சில். அன்று அது எனக்கு உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் நான், ஏகாம்பரம், தேசம்மா மூவரும் ஷேர் ஆட்டோவில் குப்பத்துக்குப் போனோம். ஏரிப் பாலம் வரும்போது ஏகாம்பரம் கேட்டார். மெதுவாக, சாலையைப் பார்த்துக்கொண்டு.

"மேடம், இந்தக் கடுதாசி ஊருக்குள்ள ஒண்ணும் ஆவாதில்ல?"

"ஆகாது. இது கோர்ட்டுக்கு."

"இல்ல, தலைவர் கைப்பட எழுதினா..." என்று தேசம்மா ஆரம்பித்தாள்.

"தேசம்மா, நாளைக்குக் காலைல பத்து மணிக்கு இது என் கையில இருக்கணும். நான் பாத்துக்கறேன், விடுங்க."

அவள் விட்டுவிட்டாள். ஆட்டோ சத்தத்தில் ஒரு கேள்வி கீழே விழுந்தது, சக்கரம் அதன்மேல் ஏறிப் போனது. இளையவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நான் செய்த தப்புகளில் எது பெரிது என்று கேட்டால், வார்த்தையை மாற்றியதைச் சொல்ல மாட்டேன். 'ஆகாது' என்று சொன்னேனே, அதைத்தான் சொல்வேன். அவர் கேட்டது அவருடைய ஏரியின் சட்டத்தைப் பற்றி. நான் பதில் சொன்னது என்னுடைய கோர்ட்டின் சட்டத்திலிருந்து. தெரியாது என்ற வார்த்தை என் வாயில் வரவே இல்லை. அதை வாடிக்கையாளரிடம் சொன்னால் மதிப்பு போய்விடும் என்று யாரோ எப்போதோ எனக்குள் எழுதி வைத்துவிட்டார்கள்.

அந்த ஊர் முத்திரை தலைவர் வீட்டில் மேஜை மேல் வைத்து அழுத்துகிற முத்திரை இல்லை. ஊர் கூடி, எழுத்தைப் படித்துக் காட்டி, அப்புறம்தான் அழுத்துவார்கள். வலைக் கொட்டகையில் முப்பது பேர் இருந்தார்கள். தலைவருக்கு அறுபது இருக்கும், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு நான் எழுதியதை எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாகப் படித்தார். 'இனி எக்காலத்திலும்' வந்தது. நிறுத்தினார்.

"எக்காலத்திலுமா?"

கண்ணாடிக்கு மேலாகக் கூட்டத்தைப் பார்த்தார்.

"ஏகாம்பரம், இது உன் சம்மதமா?"

"சம்மதம்," என்றார் ஏகாம்பரம், மணலைப் பார்த்து.

"சம்மதமா?"

இந்த முறை ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். "சம்மதம்."

"சம்மதமா?"

"அதான் சொல்லிட்டேனே அண்ணே."

மூன்று முறை கேட்பது சம்பிரதாயம் என்று நினைத்துக்கொண்டேன். கல்யாணத்தில் மேளம் கொட்டுவது மாதிரி. கடைசி பஸ் பற்றிய கவலை எனக்கு. வந்தபோது ஏகாம்பரத்தை "இன்னா மாப்ள, கார்காரன்கூட சொந்தமாயிட்டியா" என்று கிண்டல் செய்த ஒருவர், முத்திரை விழுந்த பிறகு எழுந்து, அவர் முதுகில் கை வைத்துவிட்டுப் போனார். அதையும் பார்த்தேன். அன்பு என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை எல்லாம் நினைத்தபடி நடந்தது. கையைத் தூக்கச் சொன்னார்கள். ஏகாம்பரம் தோள் உயரத்தில் நிறுத்தினார், நான் நிறுத்திய அதே இடத்தில். இன்சூரன்ஸ் வக்கீல் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "ஊரே சொல்லுதே," என்று முணுமுணுத்தார். நான் எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்தது. அடுத்த வாரம் தேசம்மா ஒரு பக்கெட் நிறைய உயிர் நண்டு கொண்டுவந்து அறை வாசலில் வைத்தாள். அதில் ஒன்று தப்பித்து, சட்டப் புத்தக அலமாரிக்கு அடியில் போய், இரண்டு நாள் கழித்து நாறியது. அந்தக் கதையைத்தான் நான் உங்களிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். மீதியைச் சொன்னதில்லை.

ஏழு மாதம் கழித்துத் தேசம்மா போன் செய்தாள். ஹலோ இல்லை, மேடம் இல்லை.

"அவரு பேரு படிக்கல."

"எந்தப் பேரு?"

"பாடு லிஸ்டுல. சீட்டு எடுக்கறதுக்கு நாலு நாள் முன்னயும், சீட்டு அன்னைக்கும் ஊர்ல பேரு படிப்பாங்க. இவரு பேரு வர்ல. கேட்டா, நீதான எக்காலத்திலும் ஆவாதுனு ஊர் முன்னால சொன்னன்றாங்க."

அன்று மாலையே போனேன். அப்போதுதான் முழுதாகத் தெரிந்துகொண்டேன், முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதை. வருடத்துக்கு ஒரு முறை சீட்டுப் போட்டு யாருக்கு எந்த இடம், எந்த முறை என்று முடிவு செய்வார்கள். அந்தச் சீட்டில் பெயர் இருப்பது கல்யாணமான ஆணுக்கு ஊர் கொடுக்கும் இடம். இடங்களின் எண்ணிக்கை கூடாது, ஏரி கூடாததால். புதிதாகக் கல்யாணமானவர்கள் வரிசையில் காத்திருப்பார்கள். என்னால் இனி முடியாது என்று ஒருவன் ஊர் முன்னால் மூன்று முறை சொன்னால் அவன் இடம் மகனுக்கு. மகன் இல்லையென்றால் வரிசையில் நிற்பவனுக்கு. ஏகாம்பரத்துக்கு இரண்டும் பெண்கள்.

ஊருக்கு அது அநியாயமான சட்டமும் இல்லை. முடியாதவன் பெயரை வைத்துக்கொண்டு இடத்தைக் குத்தகைக்கு விடக்கூடாது என்பதற்காக அவர்களே போட்டுக்கொண்டது. நான் அந்தச் சட்டத்துக்குள் காலை வைத்தேன், அது இருப்பதே தெரியாமல்.

அதே கொட்டகை, அதே முகங்கள். தலைவர் எனக்கு நாற்காலி போடச் சொன்னார். கோபமே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அந்தக் கடிதம் கோர்ட்டுக்காக எழுதினதுங்க," என்றேன். "ஊருக்காக இல்ல."

"கோர்ட்டுக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணாம்மா?"

"அப்படி இல்ல..."

"நான் படிச்சவன் இல்ல. ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. அந்தக் கடுதாசில இருக்கறது நெசமா, பொய்யா? பொய்னு ஒரு வார்த்த சொல்லுங்க. இப்பவே நோட்டுல பேர ஏத்திடறேன். சீட்டு ஞாயித்துக்கிழமதான். ஒண்ணும் கெட்டுப் போவல."

முப்பது பேர் என்னைப் பார்த்தார்கள். தேசம்மா என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை. அவ்வளவுதான் அவர்கள் கேட்ட விலை. நான் அந்த வார்த்தையின் மறுபக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் என்றால் தீர்வு ஏமாற்றி வாங்கியது ஆகும். யாராவது அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் வழக்கு திரும்பத் திறக்கும். வரைவு என் கையெழுத்தில் இருக்கிறது. பார் கவுன்சில், விசாரணை, என் பெயர்ப்பலகை. இதையெல்லாம் ஒரு நிமிடத்துக்குள் யோசித்தேன். ஏகாம்பரத்தின் இடத்தை அந்த ஒரு நிமிடத்தில் யோசித்தேனா என்று எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். யோசித்ததாக ஞாபகம் இல்லை.

நான் பேசவில்லை.

தலைவர் அவர் பக்கம் திரும்பினார். "சரி, நீ சொல்லு ஏகாம்பரம். கை ஆவுதா, ஆவலியா?"

ஏகாம்பரம் எழுந்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இருந்திருந்தால் இன்று இதை எழுதவேண்டிய அவசியம் இருந்திருக்காது. அனுமதி கேட்கிற பார்வை. மாற்றிச் சொன்னால் ஜெயில் என்று நான் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்தது. தனக்கா, எனக்கா, இருவருக்குமா என்று அவருக்குத் தெரியாது. வலது கையை மெதுவாகத் தூக்கினார். தோள் உயரத்தில் நிறுத்தினார்.

"இதுக்கு மேல ஆவல அண்ணே," என்றார்.

தேசம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சீட்டு முடிந்தது. அவர் இடத்துக்கு அந்த வருடம் கல்யாணமான ஒருவர் வந்தார். ஏகாம்பரம் லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போய் ஒரு பைபர் படகில் கூலிக்கு ஏறினார். ஏரிக்காரர் கடலுக்குப் போனார். ஊன்றிய கழியோடு காத்திருந்து பழகிய உடம்பு, அலையில் நின்று வலை இழுக்கப் போனது. அதே தோளால்தான் இழுத்தார். ஊர் முழுக்கப் பார்த்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. தொகையில் பெரிய பெண்ணின் நர்சிங் படிப்பு முடிந்தது என்று தேசம்மா ஒரு முறை சொன்னாள். என்னை ஆறுதல்படுத்தச் சொன்னாளா, குத்தச் சொன்னாளா தெரியவில்லை. இரண்டுக்கும் அவளுக்கு உரிமை உண்டு.

அதற்குப் பிறகு எந்த மனுவிலும் 'வலியும் வேதனையும்' என்று எழுதும்போது பேனா நிற்க ஆரம்பித்தது. நின்றால் தொழில் ஓடாது. ஒரு வருடம் இழுத்தேன். பிறகுதான் அறையை உங்களிடம் கொடுத்தேன்.

கவுனைக் கழற்றிய மாதமே, சீட்டு நாளன்று, யாரும் கூப்பிடாமல் போனேன். இனி இழக்க என்ன இருக்கிறது என்ற தைரியம். அது தைரியமே இல்லை, நீங்களே யோசித்துப் பாருங்கள். பெயர் படிப்பதற்கு முன்னால் பேச அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

"அந்தக் கடிதத்துல 'எக்காலத்திலும்'னு எழுதினது நான். அவரு இல்ல. அவரு கை சரியாயிடுச்சின்னு என்கிட்ட சொன்னாரு. பொய் என்னுது."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார்.

"எங்களுக்குத் தெரியாதாம்மா? கடல்ல அவன் வல இழுக்கறத நாங்க பாக்கல? தெரியும். சொன்னீங்க, நல்லது, மனசு ஆறிச்சி. ஆனா அந்த எடத்துல இப்ப ஒருத்தன் குந்திக்கினு இருக்கான். பொண்டாட்டி மாசமா இருக்கா. அவன எழுந்துருனு சொல்லட்டுமா? நீங்க சொல்லுங்க, சொல்றேன்."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"போன வருசமே இத சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் நோட்டைத் திறந்து பெயர்களைப் படிக்கத் தொடங்கினார்.

உங்களுக்கு என்ன சொல்வது? வலிக்கு நியாயம் கேளுங்கள், விடாதீர்கள். சின்ன வலிக்கும் கேளுங்கள், அதற்குத்தான் கேட்க ஆள் இல்லை. ஆனால் அதை அதன் அளவிலேயே கேளுங்கள். கொஞ்சம் குறைவாகக் கிடைக்கட்டும். ஒரு மனிதனைப் பற்றி நாம் எழுதுகிற வார்த்தை கட்டோடு ரெக்கார்டு அறைக்குப் போய்விடும் என்று நினைக்கிறோம். போகாது. அது அவர் கூடவே பஸ் ஏறி அவர் ஊருக்குப் போகிறது. அவர் வேலை செய்கிற இடத்துக்குப் போய் ஒரு நாள் உட்காருங்கள், எழுதுவதற்கு முன்னால். அவர் தயங்கிக் கேட்கிற கேள்வியை முழுதாகக் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். ஒரு வார்த்தை உங்களை எங்கே நிறுத்தினாலும், அதைச் சொல்ல வேண்டிய நாளிலேயே சொல்லிவிடுங்கள். மறுநாள் அது உண்மையாகத்தான் இருக்கும், உதவியாக இருக்காது.

அன்று சீட்டு முடிந்த பிறகு பஸ்ஸுக்காகக் கொட்டகை ஓரத்தில் நின்றிருந்தேன். ஏகாம்பரமும் தேசம்மாவும் வழியனுப்ப வந்திருந்தார்கள். ஏகாம்பரத்தின் இடத்தில் இருந்த அந்த இளைஞர் வந்தார். முகத்துவாரத்துப் பக்கம் அவருக்குச் சீட்டில் விழுந்திருந்தது. அங்கே அவர் வலை கட்டியதில்லை.

"அண்ணே, அங்க தர எப்பிடி?" என்று ஏகாம்பரத்திடம் கேட்டார்.

ஏகாம்பரம் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு குந்தி உட்கார்ந்து மணலில் விரலால் கோடு போட்டார்.

"மேல பாத்தா மணலு மாரி இருக்கும், நம்பாத. ஒரு மொழம் போனா சேறு. நேரா ஊனினியன்னா வெள்ளம் ஏறும்போது சாஞ்சிடும். கொஞ்சம் கெழக்கால சாச்சி ஊனு. பௌர்ணமி தாண்டி மூணாம் நாளு, தண்ணி எறங்க ஆரம்பிக்கறப்ப, எல்லாரும் வல எடுத்துடுவானுங்க. நீ எடுக்காத. ஒரு நாழி பொறு. கடசி தண்ணியிலதான் பெரிய இறாலு வரும்."

இந்த மாதிரி விஷயத்தை அங்கே ஒருவரும் ஒருவருக்கும் சொல்ல மாட்டார்கள். அடுத்த வருடம் அந்த இடம் தனக்கே விழலாம். அண்ணன் தம்பிக்கே சொல்லாமல் செத்துப்போனவர்கள் உண்டு என்று தேசம்மாவே என்னிடம் சொல்லியிருக்கிறாள். அவள் தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த இளைஞர் நன்றி சொல்லிப் போன பிறகு, கணவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எல்லாத்தயும் சொல்லிட்டியா?"

ஏகாம்பரம் மணலில் போட்ட கோட்டை உள்ளங்கையால் அழித்துவிட்டு எழுந்தார்.

"வச்சிக்கினு இன்னா பண்றது," என்றார்.